பத்தில் ஒன்பது வண்டி நேரத்துக்கு ஓடுகிறது என்றால், என் வண்டி மட்டும் ஏன் தாமதம்?

லண்டனுக்குத் தெற்கே புறநகரில் குடியிருக்கும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. ரயில் நிறுவனம் பத்தில் ஒன்பது வண்டி நேரத்துக்கு ஓடுவதாகச் சொல்கிறது. அவர் ஏறும் காலை வண்டியோ வாரத்தில் பாதி நாள் தாமதம். அதே வாரம் ஒரு தொண்டு நிறுவனத்திடமிருந்து வீட்டுக்குக் கடிதம்: தன்னார்வலர்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டார்கள், நிதி போதவில்லை, மாதம் பத்து பவுண்டு தாருங்கள் என்று. செய்தியில் பார்த்தால் நாட்டில் நன்கொடைத் தொகை கூடியிருக்கிறது என்கிறார்கள். 'இதில் எந்தக் கணக்கை நம்புவது? அந்தப் பத்து பவுண்டைக் கொடுக்கலாமா?' என்கிறார்.

இரண்டையும் சேர்த்துக் கேட்டது நல்லதாயிற்று. ரயில் அட்டவணை போடும் அலுவலகத்தில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு சின்னத் தமிழ்ப் பள்ளியின் கணக்கு வழக்கையும் பார்த்துக்கொள்கிறேன். அதுவும் பதிவு செய்த அறக்கட்டளைதான். இரண்டு பக்கமும் படிவம் நிரப்பிய ஆள் என்பதால் சொல்கிறேன்: இந்த எண்கள் பெரும்பாலும் பொய் இல்லை. ஆனால் உங்கள் கேள்விக்கான பதிலும் இல்லை. யாரோ, எதற்காகவோ, வேறு ஒன்றைக் கேட்டார்கள். அதற்குக் கிடைத்த பதில்தான் உங்கள் கைக்கு வந்து சேர்கிறது.

முதலில் ரயிலை எடுத்துக்கொள்வோம். பிரிட்டனில் 2000-ஆம் ஆண்டிலிருந்து புழங்கும் அளவுகோலுக்குப் பி.பி.எம். என்று பெயர். அதன்படி ஒரு வண்டி, அட்டவணையில் உள்ள நிலையங்கள் எல்லாவற்றிலும் நிற்க வேண்டும். கடைசி நிலையத்துக்குக் குறித்த நேரத்திலிருந்து ஐந்து நிமிடத்துக்குள் போய்ச் சேர வேண்டும். நெடுந்தூர வண்டி என்றால் பத்து நிமிடம். நான்கு நிமிடம் ஐம்பத்தொன்பது நொடி தாமதமாக வந்த புறநகர் வண்டியும் இந்தக் கணக்கில் நேரத்துக்கு வந்த வண்டிதான்.

'கடைசி நிலையம்' என்ற இடத்தில்தான் நீங்கள் விடுபட்டுப் போகிறீர்கள். வழியில் உள்ள நிலையத்தில் ஏறி, வழியில் உள்ள இன்னொரு நிலையத்தில் இறங்குகிறவர்களுக்கு வண்டி எப்போது வந்தது என்பதை இந்த அளவுகோல் பார்ப்பதே இல்லை. நடுவழியில் எட்டு நிமிடம் தாமதமாக ஓடி, கடைசியில் நான்கு நிமிடத் தாமதமாகக் குறைத்துக்கொண்டால் வண்டி தேர்ச்சி. எட்டு நிமிடத்தையும் அனுபவித்த நீங்கள் கணக்கில் இல்லை.

இன்னொன்று, இது வண்டிகளை எண்ணுகிறது, ஆட்களை எண்ணுவதில்லை. காலை எட்டு மணிக்கு ஆயிரம் பேரை அடைத்துக்கொண்டு வரும் பன்னிரண்டு பெட்டி வண்டியும் ஒன்று; இரவு பத்தரைக்குக் காலியாக ஓடும் வண்டியும் ஒன்று. கூட்ட நேரத்தில் ஏற, இறங்க நேரம் பிடிக்கும். கதவு மூடப் போகும்போது ஒருவர் ஓடிவந்து பையை நுழைப்பார். முன்னால் போகிற வண்டி அரை நிமிடம் தடுமாறினால் பின்னால் வரும் ஐந்தும் தடுமாறும். ஆகவே அதிகம் பேர் ஏறும் வண்டிதான் அதிகம் தாமதப்படும். பத்தில் ஒன்பது வண்டி நேரத்துக்கு ஓடியது என்பதும், பயணிகளில் அதைவிடக் குறைவானவர்களே நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள் என்பதும் ஒரே நாளில் உண்மையாக இருக்க முடியும்.

அட்டவணைக்குள்ளேயே ஒளிந்திருக்கும் நிமிடங்கள் வேறு இருக்கின்றன. உங்கள் தடத்தின் அட்டவணையைக் கையில் எடுங்கள். லண்டன் முனையத்திலிருந்து கிளம்பும் வண்டி முதல் நிலையத்தைத் தொட எத்தனை நிமிடம் என்று பாருங்கள். அப்புறம் எதிர்த்திசையில் வரும் வண்டி அதே தூரத்துக்கு எத்தனை நிமிடம் எடுக்கிறது என்று பாருங்கள். பல தடங்களில் வரும் வண்டிக்கு இரண்டு மூன்று நிமிடம் கூடுதலாக இருக்கும். தண்டவாளம் அதேதான், தூரமும் அதேதான். வழியில் இழந்ததை மீட்டுக்கொள்ளக் கடைசியில் சேர்த்து வைத்த நிமிடங்கள் அவை. சென்னைக்காரர்களுக்கு இது புதிதல்ல: சென்ட்ரலிலிருந்து பெரம்பூருக்குப் போகும்போது காட்டும் நேரத்தைவிட, பெரம்பூரிலிருந்து சென்ட்ரலுக்கு வரும் விரைவு வண்டிகளுக்கு அட்டவணையில் இரண்டு மடங்கு, சில வண்டிகளுக்கு அதற்கும் மேல் போட்டிருப்பார்கள். பேசின் பிரிட்ஜ் பக்கம் வண்டி நின்று நின்று வந்தாலும் சென்ட்ரலுக்கு 'ரைட் டைம்'.

இதை ஏமாற்று வேலை என்று பலர் திட்டுவார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அந்தக் கூடுதல் நிமிடங்களைச் சுரண்டி எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பானின் அமாகசாகி இருக்கிறது. 2005 ஏப்ரல் 25 அன்று ஒரு காலை வண்டியின் டிரைவர் முந்தைய நிலையத்தில் பிளாட்பாரத்தைத் தாண்டிப் போய் நின்று, பின்னால் வந்து, அதில் சுமார் ஒன்றரை நிமிடம் இழந்திருந்தார். அந்தத் தடத்தில் அட்டவணையின் இடைவெளிகளை வருடக்கணக்காகக் குறைத்துக்கொண்டே வந்திருந்தார்கள். தாமதப்படுத்தும் டிரைவர்களுக்கு அவமானப்படுத்தும் 'மறுபயிற்சி' காத்திருந்தது. மணிக்கு 70 கிலோமீட்டரில் போக வேண்டிய வளைவில் அவர் 116-இல் நுழைந்தார். வண்டி தடம்புரண்டு அடுக்குமாடிக் கட்டடத்தில் மோதி, அவரோடு சேர்த்து 107 பேர் இறந்தார்கள். அட்டவணை போடுகிறவர்கள் அதற்கப்புறம் கூடுதல் நிமிடங்களைப் பற்றி வாய் திறக்கும்போது கொஞ்சம் யோசித்துத்தான் பேசுவோம். என்னுடைய குறை அந்த நிமிடங்கள் இருப்பதில் இல்லை. அவற்றை எல்லாம் கடைசி நிலையத்தின் வாசலில் குவிப்பதில்தான் இருக்கிறது. வழி நெடுகப் பரப்பினால் நடுவில் இறங்குகிறவருக்கும் பயன்படும். அளவுகோல் கடைசி நிலையத்தை மட்டும் பார்த்ததால் நிமிடங்களும் அங்கேயே போய்ச் சேர்ந்தன.

இந்தக் குறையை உணர்ந்துதான் 2019 ஏப்ரலிலிருந்து இன்னொரு அளவுகோலை முன்னால் கொண்டுவந்தார்கள். பதிவாகும் ஒவ்வொரு நிலையத்திலும், ஒரு நிமிடத்துக்கும் குறைவான தாமதத்தில் வந்ததா என்று அது கேட்கிறது. நாடு முழுக்க அண்மை ஆண்டுகளில் இது மூன்றில் இரண்டு பங்கை ஒட்டித்தான் நிற்கிறது. அதே வண்டிகள், அதே நாட்கள், அதே தாமதங்கள். பழைய கணக்கில் எண்பது சதவீதத்துக்கு மேல், புதுக் கணக்கில் அறுபது சொச்சம். மூன்று நிமிடம் வரை பொறுத்துக்கொள்ளும் அளவு ஒன்றும் இப்போது புழக்கத்தில் இருக்கிறது. உங்கள் ரயில் நிறுவனம் எந்த எண்ணைச் சொன்னது என்பதைவிட எந்த அளவுகோலில் சொன்னது என்பதை முதலில் பாருங்கள்.

வண்டி வந்த நேரத்தை யார் குறிக்கிறார்கள் என்று சிலர் கேட்பார்கள். கார்டோ நிலைய அதிகாரியோ கடிகாரத்தைப் பார்த்து எழுதுவதில்லை. பெரும்பாலான இடங்களில் சிக்னல் அமைப்புதான் சாட்சி. வண்டி ஒரு தடப்பகுதியிலிருந்து அடுத்ததற்குள் நுழையும் கணம் பதிவாகும். அங்கிருந்து பிளாட்பாரத்தில் வந்து நிற்க இத்தனை நொடி என்று முன்பே வகுத்து வைத்த ஒரு தொகையை அதோடு கூட்டுவார்கள். அந்த நொடிக்கணக்கை வகுத்த பிறகு தடத்தில் ஏதாவது மாறியிருந்தால் பதிவும் சற்றுத் தள்ளிப்போகும். மூன்று நிமிடமோ அதற்கு மேலோ இழப்பு ஏற்பட்டால் யாரால் ஏற்பட்டது என்று கண்டுபிடித்து ஒருவர் தலையில் எழுத வேண்டும், ஏனென்றால் அதன் பேரில் தண்டவாள நிறுவனத்துக்கும் வண்டி ஓட்டும் நிறுவனங்களுக்கும் நடுவே பணம் கைமாறுகிறது. இதற்கென்றே முழுநேர ஆட்கள் உண்டு. இரண்டு பக்கமும் உட்கார்ந்து 'இந்த நான்கு நிமிடம் உன்னுடையது, என்னுடையதில்லை' என்று வாதாடுவார்கள். இரண்டு நிமிட இழப்புக்கு அப்படி யாரும் கணக்குக் கேட்பதில்லை. புறநகர்த் தடங்களில் தாமதம் பெருகுவதே இந்த ஒன்றும் இரண்டுமான நிமிடங்களால்தான்.

இதுவரை சொன்னது ஓடிய வண்டிகளைப் பற்றி. ஓடாத வண்டியின் கதை வேறு. ஒரு நாளின் ஓட்டத்தை முந்தைய இரவு பத்து மணிக்கு உறுதியான அட்டவணையோடுதான் ஒப்பிடுவார்கள். அந்தப் பத்து மணிக்கு முன்பே ஒரு வண்டியை எடுத்துவிட்டால் அது மறுநாள் 'ரத்து' ஆகாது. அப்படி ஒரு வண்டி இருந்ததாகவே கணக்கு எடுத்துக்கொள்ளாது. வெள்ளம், தண்டவாளச் சேதம் போன்றவற்றால் தற்காலிக அட்டவணை போட நேரும்போது வண்டிகளை இப்படி முன்கூட்டி எடுக்க ஏற்படுத்திய குறியீடு ஒன்று உண்டு, பி-கோடு என்பார்கள். சில நிறுவனங்கள் டிரைவர் பற்றாக்குறை நாட்களிலும் அதைப் போட ஆரம்பித்தன. ராத்திரி படுக்கப் போகும்போது இருந்த வண்டி காலையில் செயலியில் இருக்காது, புள்ளிவிவரத்திலும் இருக்காது. ரயில் ஒழுங்குமுறை அலுவலகம் 2023-இன் தொடக்கத்தில் இதைக் கண்டித்து, அப்படி முன்கூட்டி எடுக்கப்பட்ட வண்டிகளையும் வெளியே தெரியும்படி செய்தது. இந்த விவகாரத்தில் பெரிதும் பேசப்பட்ட டிரான்ஸ்பென்னைன் நிறுவனத்தின் ஒப்பந்தத்தை அரசு அந்த ஆண்டு மே மாதம் புதுப்பிக்கவில்லை. சேவையைத் தானே எடுத்துக்கொண்டது.

அட்டவணை நம்பகமாக இருக்குமா இருக்காதா என்பது பெரும்பாலும் காலையில் முடிவாவதில்லை, பல மாதம் முன்பே முடிவாகிவிடுகிறது. 2018 மே 20 அன்று இங்கிலாந்தில் பெரிய அளவில் புது அட்டவணை போட்டார்கள். தேம்ஸ்லிங்க், நார்தர்ன் என்ற ரயில் சேவைகள் இரண்டிலும் நாளுக்கு நூற்றுக்கணக்கான வண்டிகள் ரத்தாகி வாரக்கணக்கில் நாறிப்போனது. வடக்கே போல்டன் வழியாக மின்மயமாக்கும் வேலை தாமதமானதால், அது முடிந்திருக்கும் என்று நம்பிப் போட்ட அட்டவணையைக் கடைசி நேரத்தில் பிரித்து எழுத வேண்டியதாயிற்று. தெற்கே அட்டவணை இறுதியாகவே நாள் தள்ளிப்போனது. பன்னிரண்டு வாரம் முன்பே உறுதியாக வேண்டியது கழுத்தைப் பிடிக்கும் நேரத்தில் வந்ததால், எந்த டிரைவர் எந்த வண்டி என்று பிரிப்பதும் பிந்தியது. ஒரு டிரைவர் ஒரு தடத்தை அறிந்தவர் என்று கையெழுத்துப் போடாமல் அதில் வண்டி ஓட்ட முடியாது. வண்டி நிற்கும், டிரைவரும் இருப்பார், ஆனால் அவருக்கு அந்தத் தடம் தெரியாது. இப்படித்தான் பல வண்டிகள் நின்றன. விண்டர்மியர் செல்லும் கிளைத் தடத்தில் நார்தர்ன் தன் வண்டிகளையே நிறுத்திவிட்டது. சுற்றுலா வண்டி ஓட்டும் வேறொரு நிறுவனம் பழைய டீசல் என்ஜினைக் கொண்டுவந்து ஜூன் மாதம் இரண்டு வாரம் அங்கே ஓட்டியது. இதை விசாரித்த, அன்றைய ரயில் ஒழுங்குமுறை அலுவலகத் தலைவர் ஸ்டீஃபன் கிளைஸ்டரின் குழு கண்டுபிடித்ததன் சாரம்: யாரும் பொறுப்பு எடுத்துக்கொள்ளவில்லை. எல்லாரும் அவரவர் கட்டத்தை நிரப்பிக் கொடுத்திருந்தார்கள்.

சரி, தொண்டு நிறுவனங்களுக்கு வருவோம்.

தன்னார்வலர்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டார்கள் என்பது எங்கிருந்து வருகிறது என்றால், இங்கிலாந்து அரசு நடத்தும் சமூக வாழ்க்கைக் கணக்கெடுப்பிலிருந்து. மாதம் ஒரு முறையாவது ஒரு சங்கம், குழு, அமைப்பு வழியாகச் சம்பளம் வாங்காமல் உதவுகிறீர்களா என்று கேட்பார்கள். 2019-20-இல் ஆம் என்றவர்கள் 23%. 2020-21-இல் 17%, அடுத்த ஆண்டு 16%. அதற்கப்புறமும் பெரிதாக எழுந்திருக்கவில்லை. கோவிட் காலத்தில் மன்றங்களும் கோயில்களும் தேவாலயங்களும் மூடிக் கிடந்தன. பழக்கம் விட்டுப்போனவர்களில் பலர் திரும்பவில்லை. இந்தச் சரிவு உண்மையானது.

ஆனால் இதே கணக்கெடுப்பில் இன்னொரு சரிவும் உண்டு. 2015-16-இல் 27%, 2016-17-இல் 22%. அந்த ஒரு வருடத்தில் நாட்டில் ஒன்றும் நடந்துவிடவில்லை. முன்பு ஒருவர் வீட்டுக்கு வந்து எதிரே உட்கார்ந்து கேட்டார். பிறகு இணையத்திலோ தாளிலோ நீங்களே நிரப்பும்படி மாற்றினார்கள். வீட்டுக்கு வந்து கேட்பவரிடம் 'நான் யாருக்கும் எதுவும் செய்வதில்லை' என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? முறை மாறியதால் இரண்டையும் ஒப்பிடக் கூடாது என்று கணக்கெடுப்பை வெளியிட்டவர்களே எச்சரித்தார்கள். அதைப் படிக்காமல் 27-ஐயும் 16-ஐயும் பக்கத்தில் வைத்துக் கோடு போடும் கடிதங்கள் இன்னும் வருகின்றன. உங்களுக்கு வந்த கடிதம் 'மூன்றில் ஒரு பங்கு' என்றுதான் சொல்கிறது. அது 23-லிருந்து 16 என்பதற்கு ஏறக்குறையப் பொருந்துகிறது. ஆகவே நியாயமான கடிதம்தான்.

தலையை எண்ணுவதா, மணியை எண்ணுவதா என்பது அடுத்த சிக்கல். எந்த அமைப்பிலும் மொத்த வேலையில் பெரும்பகுதியைச் சிலர்தான் இழுக்கிறார்கள். வருடத்துக்கு ஒரு நாள் கோடை விழாவில் நாற்காலி எடுத்துப் போடும் நாற்பது பேர் வராமல் போனால் எண் சரியும், அமைப்பு அசையாது. வாராவாரம் கதவைத் திறந்து, பாலும் பிஸ்கட்டும் வாங்கி வைத்து, யார் வரவில்லை என்று போன் அடிக்கும் அந்த இரண்டு பேர் போனால் எண்ணில் ஒன்றும் தெரியாது, அமைப்பு படுத்துவிடும்.

பெயர் கொடுத்தவர்களை எண்ணுவதும் இப்படித்தான். 2020 மார்ச்சில் தேசிய சுகாதார சேவை இரண்டரை லட்சம் தன்னார்வலர்கள் வேண்டும் என்று கேட்டது. நான்கு நாளில் ஏழரை லட்சம் பேர் பதிந்தார்கள். தற்காலிகமாகப் பதிவையே நிறுத்த வேண்டியதாயிற்று. எல்லாத் தொலைக்காட்சியிலும் அந்த எண்தான். ஆனால் செயலியைத் திறந்து வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் ஒரு அழைப்பும் வராமல் காத்திருந்தவர்கள் ஏராளம். உதவி தேவைப்பட்டவரை அருகில் உள்ளவரோடு இணைக்கும் வேலை அவ்வளவு வேகமாக வளரவில்லை. பத்திரிகை வைத்தவர்களை எண்ணிப் பந்தி போட்டால் எப்படி இருக்கும், அதுதான்.

பயன்பெற்றவர்களை எண்ணுவதில் இன்னும் வழுக்கல் அதிகம். இலண்டனில் நலிந்த குழந்தைகளுக்காக 1996-இல் தொடங்கிய கிட்ஸ் கம்பெனி 36,000 பேருக்கு உதவுவதாகச் சொல்லிவந்தது. அரசு அதற்குக் கோடிக்கணக்கான பவுண்டு கொடுத்தது. 2015 ஆகஸ்டில் அது மூடப்பட்டபோது உள்ளாட்சிகளிடம் ஒப்படைக்கப்பட்ட குழந்தைகளின் கோப்புகள் இரண்டாயிரத்தைக்கூட எட்டவில்லை. 36,000-இல் குடும்பத்தார், பள்ளியில் மறைமுகமாகப் பயன்பெற்றவர்கள் எல்லாரும் அடக்கம். நியாயத்துக்கு இதையும் சொல்ல வேண்டும்: அறங்காவலர்களைத் தகுதிநீக்கம் செய்யக் கோரிய வழக்கை 2021-இல் உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்து, அவர்கள் மேல் தவறில்லை என்றது. நிதி தருகிறவர் பெரிய எண்ணை விரும்பினார், அமைப்பு பெரிய எண்ணைக் கொடுத்தது. ஒரு குழந்தையை எப்படி எண்ணுவது என்று இருவரும் உட்கார்ந்து பேசிக்கொள்ளவில்லை.

எங்கள் தமிழ்ப் பள்ளியிலும் சின்ன அளவில் இதே கூத்துதான். உள்ளூர் நிதியுதவிப் படிவத்தில் ஒரு கட்டம்: 'பயனாளிகள் எத்தனை பேர்?' அறுபது பிள்ளைகள் படிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அறுபது என்று எழுதலாம். வருடத்துக்கு முப்பத்தைந்து வகுப்பு என்று பெருக்கி இரண்டாயிரத்து நூறு 'வருகைகள்' என்றும் எழுதலாம். பெற்றோர், தாத்தா பாட்டி, பொங்கல் விழாவுக்கு வந்து சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டுப் போனவர்கள் என்று சேர்த்தால் எங்கேயோ போய்விடும். மூன்றும் உண்மை. படிவத்தில் விளக்கம் கிடையாது. நான் அறுபது என்று எழுதுவேன்; அதே கட்டத்தில் வேறு அமைப்பு ஆயிரம் என்று எழுதியிருக்கும் என்றும் தெரியும்.

ரயிலும் தொண்டும் ஒன்றுக்கொன்று முட்டிக்கொள்ளும் இடமும் அங்கேதான் இருக்கிறது. தண்டவாளப் பராமரிப்பு வேலைகளைப் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் வைப்பார்கள். வண்டிக்குப் பதில் பேருந்து. முன்கூட்டியே அறிவித்து அட்டவணையை மாற்றிவிட்டதால் ரயில் கணக்கில் அன்று தாமதமும் இல்லை, ரத்தும் இல்லை. எங்கள் ஆசிரியர்களில் சிலர் இரண்டு வண்டி மாறி வருகிறவர்கள். அன்றைக்கு இருபத்தைந்து நிமிடப் பயணம் ஒன்றேகால் மணி நேரம் ஆகும். சிலர் வந்துவிடுவார்கள், சிலர் 'இன்றைக்கு முடியலை அண்ணா' என்று காலையில் செய்தி அனுப்புவார்கள். தன்னார்வலர் பட்டியலில் அவர்கள் பெயர் அப்படியேதான் இருக்கும். ரயில் நிறுவனத்தின் தாளும் சுத்தம், எங்கள் தாளும் சுத்தம். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் மூன்றாம் வகுப்போடு சேர்ந்து உட்கார்ந்திருப்பார்கள்.

இனி நன்கொடை. தொகை கூடியிருக்கிறது என்ற செய்தியும், நிதி போதவில்லை என்ற கடிதமும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. சி.ஏ.எஃப். என்ற அமைப்பு ஆண்டுதோறும் எடுக்கும் கணக்குப்படி 2024-இல் பிரிட்டனில் மக்கள் கொடுத்தது 15.4 பில்லியன் பவுண்டு. ஆனால் கொடுத்தவர்கள் பாதிப் பேர்தான், 50%. 2019-இல் 58%. அதாவது குறைவானவர்கள் அதிகமாகக் கொடுக்கிறார்கள். அப்படிக் கொடுக்கிறவர்கள் எல்லா அமைப்புக்கும் சமமாகக் கொடுப்பதில்லை. பெயர் தெரிந்த பெரிய அமைப்புகளுக்குப் பெரும்பகுதி போகிறது, தெருக்கோடி அமைப்பு வாடுகிறது. செலவுப் பக்கமும் ஏறியிருக்கிறது. 2025 ஏப்ரலிலிருந்து முதலாளிகள் கட்டும் தேசியக் காப்பீட்டு விகிதம் 13.8%-லிருந்து 15% ஆனது. அது தொடங்கும் சம்பள வரம்பை 9,100 பவுண்டிலிருந்து 5,000-க்கு இறக்கினார்கள். பகுதிநேர ஊழியர்கள் நிறைய உள்ள அமைப்புக்கு இந்த வரம்பு இறங்கியதுதான் பெரிய அடி.

'தன்னார்வலர்கள் இருக்கும்போது பணம் எதற்கு?' என்று நம்மவர்களே கேட்பார்கள். இதற்குக் கொஞ்சம் கோபத்தோடுதான் பதில் சொல்வேன். தன்னார்வலருக்குச் சம்பளம் இல்லை, செலவு உண்டு. குழந்தைகளோடு பழகுகிறவர் என்றால் குற்றப் பின்னணிச் சோதனை, பாதுகாப்புப் பயிற்சி, காப்பீடு, போக்குவரத்துப் பணம், இதையெல்லாம் பார்த்துக்கொள்ள ஒரு ஒருங்கிணைப்பாளர். நிதி குறையும்போது முதலில் வெட்டுவது அந்த ஒருங்கிணைப்பாளரின் சம்பளத்தைத்தான், ஏனென்றால் அது 'நிர்வாகச் செலவு'. அவர் போன ஆறாவது மாதம் தன்னார்வலர்கள் மெல்லக் கழன்றுகொள்வார்கள். அடுத்த கடிதத்தில் 'தன்னார்வலர்கள் குறைந்துவிட்டார்கள்' என்று எழுதுவார்கள்.

'நீங்கள் தரும் ஒரு பவுண்டில் 90 பென்ஸ் நேராகத் தேவைப்படுவோருக்கு' என்ற வரியைப் பார்த்து ஒரு அமைப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான். வாடகை, போன், கணினி, மேலாளர் நேரம் இதையெல்லாம் எந்தத் தலைப்பில் எவ்வளவு பிரிப்பது என்பதில் அமைப்பின் கைக்கு நிறைய இடம் இருக்கிறது. தெருவுக்குத் தெரு இருக்கும் அறக்கட்டளைக் கடைகளையே பாருங்கள். கடையின் மொத்த விற்பனையும் வருமானத்தில் ஏறும். கடை வாடகையும் ஊழியர் சம்பளமும் 'நிதி திரட்டும் செலவு' ஆகும். கடை லாபத்தில்தான் ஓடும், ஆனால் கடை வைத்திருக்கும் அமைப்பு கடையில்லாத அமைப்பைவிட ஊதாரி போலத் தெரியும். இந்தியாவில் இந்த விகிதத்தைச் சட்டமாகவே ஆக்கிவிட்டார்கள்: 2020 திருத்தத்துக்குப் பிறகு வெளிநாட்டு நன்கொடையில் நிர்வாகத்துக்குச் செலவிடும் வரம்பு 50%-லிருந்து 20% ஆனது. கட்டுப்பாடு தேவையா இல்லையா என்பது தனி விவாதம். ஒரு கணக்காளரும் ஒரு கண்காணிப்பாளரும் இல்லாத அமைப்பில்தான் பணம் காணாமல் போகும் வாய்ப்பு அதிகம் என்பதை மட்டும் பொருளாளராக இருந்து பார்த்துவிட்டேன்.

இந்தியா என்றதும் ரயில் பக்கமும் ஒன்று. இந்திய ரயில்வே நேரம் தவறாமையைக் கடைசி நிலையத்தில் மட்டும் பார்க்கிறது, அதிலும் பதினைந்து நிமிடம் வரை தாமதம் தாமதமில்லை என்று எடுத்துக்கொள்கிறது என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கையே குறை சொன்னது; 2022-இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட அறிக்கை அது. விழுப்புரத்தில் இறங்குகிறவருக்கு அந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது என்பது அங்கேயும் யாருடைய கணக்கிலும் இல்லை.

இப்போது உங்கள் பத்து பவுண்டு. இங்கிலாந்து, வேல்ஸுக்கான அறக்கட்டளை ஆணையத்தின் பதிவேட்டில் அந்த அமைப்பின் பெயரைத் தேடுங்கள், இலவசம். ஐந்து வருட வரவு செலவு, அறங்காவலர்கள் பெயர், 60,000 பவுண்டுக்கு மேல் சம்பளம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்களா என்பது எல்லாம் இருக்கும். நான் முதலில் பார்ப்பது கணக்கு சரியான நேரத்துக்குத் தாக்கல் ஆகியிருக்கிறதா என்று. தாமதமாகத் தாக்கல் செய்தால் பதிவேடே அதைக் காட்டிக்கொடுக்கும். அடுத்து ஆண்டறிக்கையைத் திறந்து, எத்தனை தன்னார்வலர்கள் என்பதோடு எத்தனை மணி நேரம் என்றும் எழுதியிருக்கிறார்களா என்று பார்ப்பேன். எழுதியிருந்தால் உள்ளே யாரோ உண்மையாகவே கணக்கு வைக்கிறார்கள் என்று அர்த்தம். இரண்டும் திருப்தியாக இருந்தால் கொடுங்கள். வருமான வரி கட்டுகிறவர் என்றால் நீங்கள் கட்டிய வரியை அரசு அந்த அமைப்புக்குத் தரும் கிஃப்ட் எய்ட் கட்டத்தில் டிக் போடுங்கள்; உங்கள் பத்து அவர்களுக்குப் பன்னிரண்டரையாகப் போய்ச் சேரும். குறிப்பிட்ட திட்டத்துக்கு மட்டும் என்று கட்டிப்போட வேண்டாம். அந்த ஒருங்கிணைப்பாளரின் சம்பளத்துக்குப் போகட்டும்.

காலை வண்டிக்கு: புகார் எழுதுவதைவிட டிலே ரிப்பே என்ற தாமத இழப்பீட்டைக் கேளுங்கள். உங்கள் பக்கத்து நிறுவனங்களில் பெரும்பாலும் பதினைந்து நிமிடத் தாமதத்துக்கு ஒருவழிக் கட்டணத்தில் கால் பங்கு, அரை மணி நேரத்துக்குப் பாதி, ஒரு மணி நேரத்துக்கு முழுக் கட்டணம். இதில் வண்டி கடைசி நிலையத்துக்கு எப்போது போனது என்று யாரும் கேட்பதில்லை. நீங்கள் இறங்க வேண்டிய இடத்தில் எவ்வளவு தாமதமாக இறங்கினீர்கள் என்பதுதான் கணக்கு. நான்கு நிமிடத் தாமதத்தால் மாற வேண்டிய வண்டியைத் தவறவிட்டு அடுத்த வண்டிக்கு இருபது நிமிடம் நின்றிருந்தால் அந்த இருபதும் சேரும். மாத டிக்கெட் வைத்திருந்தாலும் கேட்கலாம். டிக்கெட்டைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், இருபத்தெட்டு நாளுக்குள் அனுப்பிவிடுங்கள்.